கார் தூங்கும் வீடு

பதினாறு வயதுப் பிள்ளைகள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குத் தனியாக வருவதில்லை. அப்பாவின் பின்னால் வருவார்கள், நாற்காலியில் சரிந்து போனைப் பார்ப்பார்கள், ரேட்டைக் கேட்டு அப்பா விடும் பெருமூச்சுக்கு மட்டும் தலை நிமிர்வார்கள். இருபத்தாறு வருடமாக டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில், ஒரு ஹாட் டாக் கடைக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து பாலிசி விற்கிறேன். தனியாக வந்தவள் ஜோஸி கிராப்ஸ்கி ஒருத்திதான்.

2013 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடப் பையோடு நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மிஸஸ் டிட்மர், ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"எதையாவது இடிச்சுட்டியா?"

"லைசென்ஸே இன்னும் வரலையே. வியாழக்கிழமைதான் டெஸ்ட்டு."

"அப்ப இடிக்க இன்னும் நேரம் இருக்கு. சொல்லு."

அவளுக்கு இரண்டு ரேட் வேண்டியிருந்தது. அப்பா வாங்கி வைத்திருக்கும் பழைய ப்யூக் காரை அவள் ஓட்டினால், அப்பா வீட்டு முகவரியில் மாதம் எவ்வளவு, அம்மா வீட்டு முகவரியில் எவ்வளவு. அம்மா டெனிஸ் இருந்தது ஹார்லோவில். வடக்கே அறுபத்திரண்டு மைல், சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவில் ஒரே ஒரு சிக்னல் உள்ள ஊர். அங்கே ஒரு மிருக வைத்தியரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் தட்டினேன். டெட்ராய்ட்டில் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கார் இன்சூரன்ஸ் என்பது வீட்டு வாடகையில் பாதி. எல்லாத் தள்ளுபடியும் போக மாதம் முந்நூற்று எழுபத்தொன்று டாலர். ஹார்லோவில் நூற்று நாற்பத்தெட்டு.

"முந்நூத்தி எழுபத்தொண்ணா?" அவள் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு!"

பெரிய தொகையைக் கேட்டு ஒருத்தர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன விஷயம், ஜோஸி?"

பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா லென் கிராப்ஸ்கி, கார் அச்சு செய்கிற ஆலையில் மத்தியான ஷிஃப்ட். இரண்டரைக்குப் போனால் பதினொன்றுக்குமேல்தான் வருவான். நான்கு வருடத்துக்கு முன் விவாகரத்தானபோது பிள்ளை யாரிடம் இருப்பது என்று பதினேழு மாதம் வழக்கு நடத்தினான். வக்கீலுக்கு இருபத்துமூவாயிரம் டாலர். கடைசியில் ஜெயித்தான். ஜோஸி அப்பாவிடம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரக் கடைசி அம்மாவிடம் என்று தீர்ப்பு.

"ஜட்ஜ் என்னைத் தனியாக் கூப்பிட்டு, யார்கிட்ட இருக்கணும்னு கேட்டாரு. அப்பான்னு சொன்னேன். அம்மாவுக்கு அந்த ஊர்ல சிநேகிதங்க இருக்காங்க, நாய் ரெண்டு இருக்கு. அப்பாவுக்கு யாரு இருக்கா? அப்ப எனக்குப் பன்னண்டு வயசு. பாவமா இருந்துது."

"இப்ப?"

"இப்பவும் பாவமாத்தான் இருக்கு. ஆனா ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஒருத்தரும் இல்ல. தினமும் டிவி முன்னாடி ஒரு கிண்ணம் சீரியல். அவரு என்கூட இருக்கறதுக்காக அவ்வளவு சண்டை போட்டாரு, என்கூட இருக்கவே இல்ல."

"இதை அவன்கிட்டயே நேரா சொல்லேன்."

"சொன்னா ஒடஞ்சு போயிடுவாரு. அப்பா வேண்டாம்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல, மிஸஸ் டிட்மர். ரேட்டு வேண்டாம்னு அவரே சொல்லிடுவாரு." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "அவரு வரும்போது ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. போதும்."

அவள் போன பிறகு அந்த இரண்டு தாளையும் கிழித்துப்போட நினைத்தேன். பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நமக்கென்ன வேலை? ஆனால் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் என் வேலையே. ஃபைலில் போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லென் வந்தான், கூடவே ஜோஸி, அவள் கையில் புது லைசென்ஸ். லென் பதினோரு வருடமாக என்னிடம் வருகிறவன். பெட்ரோல் எட்டு சென்ட் குறைவென்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். என் ஆபீஸ் காபி இலவசம் என்பதற்காகவே பணத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கட்டுவான். அன்றைக்கு ஒரு கவரின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி வந்திருந்தான்.

"நல்ல மார்க்குத் தள்ளுபடி?"

"போட்டாச்சு."

"டிரைவிங் கிளாஸ் சர்ட்டிபிகேட்?"

"போட்டாச்சு."

"கார்ல ஒரு பொட்டி மாட்டறாங்களாமே, ஓட்டறத வேவு பாக்க?"

"அதுவும் போட்டாச்சு லென். சர்ச்சுக்குப் போனா தள்ளுபடி உண்டான்னு மட்டும் கேட்டுடாத."

"உண்டா?"

"இல்ல."

தாளை நீட்டினேன். பார்த்தான். எதிர்பார்த்த பெருமூச்சு வந்தது. அப்புறம் இரண்டாவது தாளை நகர்த்தினேன். ஜோஸி சுவரில் இருந்த காலண்டரை, அதில் படிக்க நிறைய இருப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தாள்.

லென் இரண்டாவது தாளை மேலிருந்து கீழே படித்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். மறுபடி முன்பக்கம். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு மகளைப் பார்த்தான். அவள் காலண்டரில் ஆகஸ்டுக்குப் போயிருந்தாள்.

"அட்ரஸை மட்டும் மாத்திட்டா போதுமா, பெவ்?" என்று என்னைக் கேட்டான்.

"போதாது. கார் ராத்திரில எங்க தூங்குதோ அதுதான் அட்ரஸ். பொய் எழுதிக் குடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கம்பெனி கையை விரிச்சுடும்."

"பொய் எழுத மாட்டேன். வாரத்துல எத்தனை ராத்திரி தூங்கணும்?"

"பாதிக்கு மேல."

"நாலு." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நெஜமாவே அங்க தூங்கட்டும். மாசம் இருநூத்தி இருபத்திமூணு டாலர் மிச்சம். பைத்தியக்காரனா நானு, அதை விட? ஜோஸி, லீவு முடியற வரைக்கும் அம்மாகிட்ட போய் இருக்க முடியுமா உன்னால?"

"உங்களுக்கு மிச்சமாகும்னா இருக்கேன்" என்றாள் ஜோஸி, பெரிய தியாகம் செய்கிற குரலில்.

என் மேஜைப் போனிலிருந்தே டெனிஸைக் கூப்பிட்டான், தன் போனில் நிமிடம் செலவாகுமாம். ஸ்பீக்கரில் போடச் சொன்னான், சாட்சிக்கு. வழக்கு முடிந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பிள்ளையை ஏற்றி இறக்குகிற நேரத்தை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பிக்கொள்வார்கள். வேறு பேச்சே கிடையாது.

"டெனிஸ், நான் லென்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்ப வக்கீல்கிட்ட சொல்லி அனுப்பு."

"இது இன்சூரன்ஸ் விஷயம். வாரத்துல நாலு ராத்திரி ஒரு கார் உன் வீட்டு வாசல்ல தூங்கணும்."

"என் வாசல் என்ன, பார்க்கிங் கட்டடமா?"

"காரோட ஜோஸியும் வருவா."

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. டெனிஸ் அதை அதட்டக்கூட இல்லை.

"இரு, இரு. பதினேழு மாசம் என்னைக் கோர்ட்டு கோர்ட்டா இழுத்தே. என் நாய் கடிக்கும்னு ஜட்ஜுகிட்ட சொன்னே. அதுக்குப் பல்லே கெடையாது. அவ்வளவும் பண்ணி வாங்கினவள, இன்சூரன்ஸுக்காகத் திருப்பித் தர்றியா? மாசம் எவ்வளவுக்கு?"

"இருநூத்தி இருபத்திமூணு."

டெனிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "லென் கிராப்ஸ்கி, நீ மாறவே மாட்ட. அனுப்பு, அனுப்பு. எப்ப அனுப்பற?"

லென் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை" என்றான்.

கோடை முழுவதும் அப்படியே நடந்தது. நான்கு ராத்திரி ஹார்லோ, மூன்று ராத்திரி டெட்ராய்ட். ஜூலையில் அது ஐந்தும் இரண்டும் ஆனது, ஜோஸிக்கு அங்கே ஒரு ஐஸ்க்ரீம் கடையில் வேலை கிடைத்ததால். ஆகஸ்டில், ஹார்லோ பள்ளியிலேயே பதினோராம் வகுப்பு சேர்ந்துவிட்டால் தினமும் போய்வருகிற பெட்ரோலும் மிச்சம் என்று அவளே அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். லென் கணக்கைச் சரிபார்த்தான். லெனும் டெனிஸும் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டில் பிள்ளையின் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார்கள். வாங்கப் பதினேழு மாதம் ஆனது, விட்டுக்கொடுக்கப் பதினொரு நிமிடம்தான் ஆனதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லென் ஹார்லோவுக்குப் போய் அவளைப் பார்த்துவந்தான். முதலில் ஞாயிறு மட்டும், பிறகு சனிக்கிழமையும் சேர்த்து. அதனால் அவனுடைய சொந்தக் கார் வருடத்தில் ஓடுகிற மைல் எகிறியது. மைல் எகிறினால் ரேட்டும் ஏறும், மாதம் பத்தொன்பது டாலர் கூட்டி அவனுக்குக் கடிதம் அனுப்பியது நானேதான். சண்டைக்கு வருவான் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை.

அக்டோபரில் வந்தான். வேறொரு கடிதத்தோடு.

கோர்ட்டிலிருந்து வந்திருந்தது. பிள்ளை யார் வீட்டில் எத்தனை ராத்திரி தூங்குகிறது என்பதை வைத்து அவர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. ராத்திரிகள் இடம் மாறியதால் இனி பிள்ளைக்கான பராமரிப்புப் பணத்தை லென் டெனிஸுக்குக் கொடுக்க வேண்டும். மாதம் நானூற்று ஐம்பத்திரண்டு டாலர். டெனிஸ் கேட்கவில்லை, சூத்திரம் கேட்டது.

நான் கால்குலேட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இருநூற்று இருபத்துமூன்றை மிச்சம் பிடிக்கப் போய் நானூற்று ஐம்பத்திரண்டு.

"லென், தப்பா நெனச்சுக்காத. பேசாம அவளையும் காரையும் இங்கயே திருப்பிக் கூட்டிட்டு வந்துடு. முந்நூத்தி எழுபத்தொண்ணு கட்டினாலும் உனக்கு லாபம்தான்."

லென் காபியை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அந்த ஹார்லோ தாளு இருக்கே பெவ், அதுல மேல மூலையில தேதி போட்டிருந்துது. மே பதினாலு. நானும் ஜோஸியும் வந்தது பதினேழு."

நான் மேஜையில் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடினேன்.

"மே பதினாலாந்தேதி ஹார்லோ அட்ரஸ உன்கிட்ட குடுத்தது யாரு? டெனிஸ் உன் வாசல்படி மிதிக்க மாட்டா. நான் குடுக்கல. மிச்சம் ஒருத்திதான்."

"அப்பவே தெரியுமா உனக்கு? போன்ல டெனிஸ் அப்படிச் சிரிச்சாளே, அப்பவும்?"

"தெரியும்." கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "ராத்திரி வீட்டுக்கு வந்தா சிங்க்ல ஒரே ஒரு கிண்ணம் கெடக்கும். நாலு வருஷமா அதை நான்தான் கழுவறேன். ஒரு நாளாவது யோசிச்சிருக்கணும்ல, ஏன் ஒரே ஒரு கிண்ணம்னு? கோர்ட்ல நான் ஜெயிச்சேன்னு இல்ல நெனச்சுட்டிருந்தேன். அந்தச் சின்னப் பொண்ணு எனக்குப் பரிதாபப்பட்டிருக்கா, அவ்வளவுதான்."

"அவகிட்ட சொல்லிடேன், தெரியும்னு."

"சொன்னா திரும்பி வந்துடுவா. மறுபடியும் பரிதாபப்பட்டு." கடிதத்தை மடித்தான். "என் அப்பன் கஞ்சன், காசுக்காக அனுப்பிச்சுட்டான்னு அவ நெனச்சுக்கிட்டா, அங்க நிம்மதியா இருப்பா. இருக்கட்டும். இந்த லெட்டர் விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். அங்கதான் இன்னும் மலிவுன்னே இருக்கட்டும்."

நவம்பர் முதல் வாரம் ஜோஸி போன் செய்தாள், காரில் வைக்க இன்சூரன்ஸ் சீட்டு ஒன்று வேண்டுமென்று. வைக்கும் முன் கேட்டாள், "மிஸஸ் டிட்மர், அப்பாவுக்கு நெஜமாவே மிச்சமாகுதுல்ல?"

"ஆகுது" என்றேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது என்று சொன்னால், அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

அதற்கு அடுத்த வாரம், மாலை ஐந்தரை மணிக்கு, ஐஸ்க்ரீம் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், அறுவடை முடிந்த வயலிலிருந்து ஒரு மான் ஜோஸியின் ப்யூக்கின் முன்னால் பாய்ந்தது. காரின் முன்பக்கம் மடங்கிப்போனது. ஜோஸிக்கு ஒன்றும் இல்லை, காற்றுப்பை வெடித்து முகமெல்லாம் மாவு பூசியதுபோல் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அடுத்து ஆலைக்குப் போன் செய்து அப்பாவைக் கூப்பிட்டாள். லென் ஷிஃப்டின் பாதியில், சூப்பர்வைசர் கத்தக் கத்த, கையுறையைக்கூடக் கழற்றாமல் கிளம்பினான். அறுபத்திரண்டு மைலை ஐம்பது நிமிடத்தில் போயிருக்கிறான். நல்லவேளை, வேவு பார்க்கும் பெட்டி அவன் காரில் இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது டெனிஸ் தன் கோட்டை மகளுக்குப் போர்த்தி ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தாளாம். அப்பாவைப் பார்த்ததும்தான் ஜோஸிக்கு அழுகை வந்தது.

"அப்பா, ரேட்டு ஏறிடுமா?"

"மான் மேல கேஸ் போடலாம் வா. வக்கீல் நம்பர் இன்னும் வச்சிருக்கேன்."

டெனிஸ் சிரித்துவிட்டாள். "குளிருது. ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, சூப் இருக்கு" என்றாள். லென் அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. பல்லில்லாத நாய் அவன் பூட்ஸின் மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டதாம். இதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்குச் சொன்னவள் டெனிஸ்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஒன்றாக என் ஆபீசுக்கு வந்தார்கள். நாற்காலி இரண்டுதான் இருந்தது, சலவைக் கடையிலிருந்து ஒன்று வாங்கிப் போட்டேன். மான் இடித்தால் பணம் தருகிற பகுதி பழைய காருக்கு எதற்கு என்று, லென் மே மாதமே அதை நீக்கச் சொல்லியிருந்தான். ஆகவே கம்பெனி ஒரு டாலர் தராது. அதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

"மாசம் எத்தனை டாலர் அது?" டெனிஸ் கேட்டாள்.

"ஒன்பது."

"ஒன்பது!" லென் பக்கம் திரும்பினாள். "கெழங்கு வயலுக்கு நடுவுல, ஊர்ல ஆளை விட மான் அதிகம், ஒன்பது டாலர் ஒனக்குப் பெருசாப் போச்சா?"

"டெட்ராய்ட்ல மான் எங்க இருக்கு?"

"கார் எங்கடா தூங்குது?"

அடுத்த கார் எது என்று இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். அவன் இன்னொரு ப்யூக் என்றான், அவள் பனியில் வழுக்காத ஏதாவது என்றாள். அவள் பாதி தருவதாகச் சொன்னாள், அவன் வேண்டாம் என்றான், அப்படியானால் முழுசும் நீயே கொடு என்றாள், அது எப்படி என்றான்.

ஜோஸி காபி மெஷின் பக்கம் என்னோடு வந்தாள்.

"அம்மா அலமாரில கோர்ட்டு பேப்பர் பாத்தேன். மாசா மாசம் நானூத்தி ஐம்பத்திரெண்டு" என்றாள் மெதுவாக. "கணக்குப் போட்டுப் பாத்தேன், மிஸஸ் டிட்மர். அவருக்கு மிச்சமே ஆகல. ஆகலன்னு தெரிஞ்சும் ஏன் என்னைத் திருப்பிக் கூப்பிடல?"

நான் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு போட்டாயிற்று.

"அவருக்கு மொதல்லேர்ந்தே தெரியும், இல்ல?"

"இதை நீ என்கிட்ட கேக்கக் கூடாதும்மா" என்றேன். "அவன்தான் அங்க உக்காந்திருக்கான்."

அவள் அவனிடம் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒரு கோப்பை காபி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். தன் நாற்காலியை அவன் நாற்காலியோடு ஒட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லென் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். டெனிஸ் மட்டும் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சுபாரு கார் வாங்கினார்கள். மான் பகுதியையும் சேர்த்து எழுதினேன். இன்னொரு முகவரியில் தூங்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை லென் ஆலையில் பகல் ஷிஃப்டுக்கு மனு கொடுத்தான். பகல் ஷிஃப்டுக்குச் சீனியாரிட்டிப்படி பெரிய வரிசை. கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ஜோஸி பள்ளி முடித்து, மாநிலத்தின் வடகோடியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, காரை அம்மா வாசலிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டாள். இப்போது மாலை நான்கு மணிக்கெல்லாம் லென் வீட்டில் இருக்கிறான்.

நூறு மைலுக்கு அப்பால் காரில்லாமல் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தள்ளுபடி உண்டு, பெரிய தள்ளுபடி. அவன் கேட்காமலே போட்டுக் கொடுத்தேன். லென் பணம் கட்ட வந்தபோது பில்லைப் பார்த்தான். ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, வெளியே வெயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.